.308 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு வீட்டில் ரீலோடிங்: முதல் பிரஸ், டை, தராசு எதை வாங்குவது?

அமெரிக்காவில் .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வைத்திருப்பவர் தோட்டாவை வீட்டிலேயே ரீலோட் செய்யலாம், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர், பவுடர், குண்டு வைத்து மீண்டும் தோட்டாவாக்கலாம் என்று நினைத்ததும் முதலில் எழும் கேள்வி, எந்தப் பிரஸ் (கைப்பிடியை இழுத்துக் கூட்டை டைக்குள் அழுத்தும் இயந்திரம்) வாங்குவது என்பதுதான். கடைக்காரரிடம் கேட்டால் அங்கேயும் பேச்சு பிரஸ்ஸில்தான் தொடங்கும். ஆனால் இன்று விற்கும் நல்ல பிரஸ்களில் எதை எடுத்தாலும் பெரிய பிழை வந்துவிடாது. தோட்டா நன்றாக அமைவதும் கெடுவதும் டையை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) எப்படி அமைக்கிறீர்கள், பவுடரை எதில் நிறுக்கிறீர்கள், கூட்டை எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. முதல் செட்டுக்கு ஒதுக்கும் பணம் வேகத்துக்குப் போகாமல் அளவைக் கருவிகளுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. எடுத்துக்காட்டுகள் .308-க்கு உரியவை; 6.5 க்ரீட்மோர், .243, .30-06 ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் சட்டம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்தப் பயன்பாட்டுக்கு ரீலோட் செய்ய உரிமம் வேண்டாம்; விற்பதற்காகச் செய்தால் வேண்டும். பவுடர், பிரைமர் சேமிப்புக்கு மாநிலமும் நகரமும் தனி விதி வைத்திருக்கலாம் என்பதால் வாங்கும் முன்பே உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் கேட்டுவிடுங்கள். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையையே ஊருக்குப் போகும்போதும் எடுத்துச் செல்லாதீர்கள். அடியில் ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் விமான நிலையத்தில் பெரிய சிக்கலாகிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் எந்தப் பவுடரை எவ்வளவு போடுவது என்ற அளவு எங்கும் இல்லை. அது அச்சிட்ட ரீலோடிங் மேனுவலிலிருந்தோ பவுடர் நிறுவனத்தின் அட்டவணையிலிருந்தோ மட்டுமே வரவேண்டும்.

கடைத் தோட்டாவா, ரீலோடிங்கா?

ஒரு தோட்டாவின் செலவு நான்கு பங்காகப் பிரியும்: அடியில் பொறி தரும் பிரைமர், எரிந்து தள்ளும் பவுடர், பறந்து செல்லும் குண்டு, இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு. ஒரு பவுண்டு பவுடரில் 7000 கிரெய்ன். கணக்குக்காக ஒரு தோட்டாவுக்கு 40 கிரெய்ன் என்று வைத்தால் ஒரு டப்பாவில் 175 தோட்டா வரும். டப்பாவின் விலையை 175-ஆல் வகுங்கள். கூட்டின் விலையை அது எத்தனை முறை பயன்படும் என்பதால் வகுக்கவேண்டும். நல்ல பித்தளை, அளவான அழுத்தம், தோளை (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) அதிகம் தள்ளாத டை, இவை மூன்றும் இருந்தால் பத்து முறை எதிர்பார்க்கலாம். டையைத் தவறாக அமைத்தால் நான்காவது ஐந்தாவது முறையிலேயே கூடு அடியில் விரிசல் விடத் தொடங்கும். ஆகவே ரீலோடிங்கில் பணம் மிச்சமாகிறதா என்பதும்கூட டை அமைப்பைப் பொறுத்ததுதான்.

மலிவான ராணுவ வகைத் தோட்டாவைச் சுட்டுப் பழகுபவருக்குப் பெரிதாக மிச்சம் இருக்காது. மேட்ச் (போட்டி) தரத் தோட்டா சுடுபவருக்கும், வேட்டைக்கு விலை உயர்ந்த குண்டு போடுபவருக்கும், கடையில் எளிதில் கிடைக்காத காலிபர் வைத்திருப்பவருக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பணத்தைவிடப் பெரிய காரணம் வேறு ஒன்று உண்டு. தொழிற்சாலைத் தோட்டா எல்லா ரைபிள்களிலும் நுழையும்படி செய்யப்படுகிறது. உங்கள் தோட்டாவை உங்கள் ஒரே சேம்பருக்கு (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். போல்ட் ஆக்‌ஷனில் ரீலோடிங்கின் முழுப் பலனும் அங்கிருந்துதான் வருகிறது.

பிரஸ்: நான்கு வழிகள்

மிகக் குறைந்த விலையில் கிடைப்பது லீ நிறுவனத்தின் லீ லோடர். பிரஸ்ஸே இல்லாமல், மர அல்லது நைலான் சுத்தியலால் தட்டித் தட்டிக் கூட்டின் கழுத்தை இறுக்கி, பிரைமரை ஏற்றி, குண்டை அமர்த்தும் சிறு பெட்டி. ரீலோடிங் என்றால் என்ன என்று கையால் உணர்ந்து கற்க நல்ல கருவிதான். ஆனால் இது கழுத்தை மட்டுமே சைஸ் செய்யும், அதாவது அளவுக்குச் சுருக்கும். கூட்டின் உடலும் தோளும் சில முறை சுட்ட பிறகு சேம்பரில் இறுகி, அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் மூட மறுக்கும். அப்போது எப்படியும் பிரஸ் தேவைப்படும். சுத்தியல் தட்டில் பிரைமர் எப்போதாவது வெடிப்பதும் உண்டு. முதன்மைக் கருவியாக இதை வாங்க வேண்டாம்.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டை, கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலை. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் சுப்ரீம், லீ கிளாசிக் காஸ்ட், ஹார்னடி லாக்-என்-லோட் கிளாசிக், ரெடிங் பிக் பாஸ், ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் எல்லாம் இந்த வகை. டர்ரெட் பிரஸ்ஸில் மேலே சுழலும் தட்டில் பல டைகள் மாட்டியிருக்கும். லீ கிளாசிக் டர்ரெட்டில் நான்கு, ரெடிங் டி-7-ல் ஏழு. ப்ரோக்ரெசிவ் பிரஸ்ஸில் ஒவ்வொரு இழுப்புக்கும் எல்லா நிலையத்திலும் வேலை நடந்து ஒரு முழுத் தோட்டா வெளியே வரும். டில்லன் 550, 750, ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி இதில் அடங்கும்.

ப்ரோக்ரெசிவ் வேகமானது, அதனால் அதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். 50 தோட்டாவுக்கு நேரம் எங்கே போகிறது என்று கணக்குப் பாருங்கள். சிங்கிள் ஸ்டேஜில் 50 முறை சைஸிங், 50 முறை குண்டு அமர்த்தல், மொத்தம் 100 இழுப்பு. ஓர் இழுப்புக்கு பத்து விநாடி என்றால் 17 நிமிடம்கூட ஆகாது. கூடு ஒன்றுக்கு நீளம் வெட்டி உள்ளும் புறமும் பிசிறு எடுக்க 40 விநாடி என்றால் 33 நிமிடம். பவுடரை ஒவ்வொன்றாக நிறுக்க அரை நிமிடம் என்றால் 25 நிமிடம். இதற்கு மேல் லூப் (கூடு டையில் சிக்காமலிருக்கத் தடவும் மசகு) தடவுவது, துடைப்பது, பிரைமர் ஏற்றுவது. பிரஸ்ஸில் செலவாகும் நேரம் மொத்தத்தில் சிறு பங்கு. ப்ரோக்ரெசிவ் அந்தச் சிறு பங்கைத்தான் குறைக்கிறது. ரைபிள் கூட்டுக்கு லூப், டிரிம் (நீளம் வெட்டுவது) எல்லாம் பிரஸ்ஸுக்கு வெளியே செய்தாகவேண்டும் என்பதால் பிஸ்டல் தோட்டாவில் கிடைக்கும் வேகம் இங்கே கிடைக்காது.

பாதுகாப்பிலும் ஒன்று இருக்கிறது. சிங்கிள் ஸ்டேஜில் பவுடர் போட்ட 50 கூடுகளும் ஒரு மரத் தட்டில் வரிசையாக நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாக் கழுத்துகளிலும் பவுடர் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். .308 கூட்டில் வழக்கமான அளவை இரண்டு முறை ஊற்றினால் வழிந்துவிடும், அதனால் இரட்டை அளவு நேர்வது அரிது. நேரக்கூடியது பவுடரே இல்லாத கூடு அல்லது குறைவாக விழுந்த கூடு. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலில் பாதியில் நின்றுவிட்டால், அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டவரின் ரைபிள் வெடித்துவிடக்கூடும். நீள்குச்சி வடிவப் பவுடர் ப்ரோக்ரெசிவ் இயந்திரத்தின் குறுகிய குழாயில் அடைத்து நின்று, ஒரு கூட்டில் குறைவாகவும் அடுத்ததில் கூடுதலாகவும் விழ வாய்ப்புண்டு. ஐந்து வேலை ஒரே இழுப்பில் நடக்கும்போது புதியவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

டர்ரெட்டுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. மூன்று நான்கு காலிபர்களுக்கு மாறி மாறி வேலை செய்பவர் டையைக் கழற்றி மாட்டும் தொல்லை இல்லாமல் தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தட்டு அழுத்தத்தில் மிகச் சிறிதளவு வளையும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வளைவதால் அதைச் சேர்த்தே டையை அமைத்துவிட முடியும். ஆனால் ஒரே ஒரு .308 வைத்திருப்பவருக்கு இதனால் பயன் இல்லை.

எங்கள் தேர்வு இரும்பு வார்ப்பில் செய்த சிங்கிள் ஸ்டேஜ். விலையைப் பார்ப்பவருக்கு லீ கிளாசிக் காஸ்ட், சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவருக்கு ராக் சக்கர். கோ-ஆக்ஸில் ஷெல் ஹோல்டர் (பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு) இல்லை. தானே பிடிக்கும் தாடைகள் இருக்கின்றன, டையைப் பக்கவாட்டில் செருகி எடுத்துவிடலாம். அருமையான இயந்திரம், ஆனால் அந்தக் கூடுதல் பணத்தில் நல்ல காலிப்பரும் கம்பரேட்டரும் டிரிம்மரும் வாங்கிவிடலாம் என்பதால் முதல் பிரஸ்ஸாக அதைச் சொல்லமாட்டோம். இந்தப் பிரஸ்கள் எல்லாம் 7/8-14 மரை (விட்டம் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று) உள்ள டைகளை ஏற்பதால் பின்னால் பிரஸ்ஸை மாற்றினாலும் டை வீணாகாது. எதை வாங்கினாலும் மேசை அசையக்கூடாது. பிரஸ்ஸை ஒன்றரை அங்குலப் பலகையில் போல்ட் போட்டுக் கட்டி, மேசையைச் சுவரோடு இணைத்துவிடுங்கள்.

டை: இங்கேதான் தோட்டா உங்களுடையதாகிறது

சுட்ட கூடு சேம்பரின் அளவுக்கு விரிந்திருக்கும். அதைத் திரும்பச் சுருக்க மூன்று வழி: ஃபுல் லெங்த் டை உடல், தோள், கழுத்து எல்லாவற்றையும் சைஸ் செய்யும், நெக் டை கழுத்தை மட்டும், புஷிங் டையில் கழுத்து எவ்வளவு இறுகவேண்டும் என்பதை மாற்றக்கூடிய வளையம் ஒன்று முடிவு செய்யும்.

கழுத்தை மட்டும் சைஸ் செய்தால் கூடு சேம்பருக்குக் கச்சிதமாகப் பொருந்தி நெடுநாள் உழைக்கும் என்ற பேச்சு பல ஆண்டாக இருக்கிறது. முதல் இரண்டு மூன்று முறை அது உண்மைதான். பிறகு ஒவ்வொரு கூடாக போல்ட்டில் இறுகத் தொடங்கும், சில இறுகும், சில இறுகாது. வேட்டையில் இரண்டாவது தோட்டா நுழையாமல் நிற்பது எவருக்கும் வேண்டாத நிலைமை. ஆகவே எங்கள் தீர்ப்பு: ஃபுல் லெங்த் டையையே வாங்குங்கள், ஆனால் அதைக் கூடவே வரும் குறிப்புத் தாளில் சொன்னபடி முழுவதும் இறக்கிவிடாதீர்கள்.

குறிப்புத் தாள் பொதுவாகச் சொல்வது இது: ஷெல் ஹோல்டரை மேலே ஏற்றி, டை அதைத் தொடும் வரை திருகி, இன்னும் கால் சுற்று கூடுதலாக இறக்கு. எல்லா ரைபிளிலும் நுழையவேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் சேம்பருக்குத் தேவையானதைவிடத் தோள் பல மடங்கு பின்னுக்குப் போய்விடலாம். அடுத்த முறை சுடும்போது கூடு முன்னால் நீண்டு அந்த இடைவெளியை நிரப்பும். நீளத் தேவையான பித்தளை அடிப்பகுதிக்குச் சற்று மேலிருந்து வரும். நான்கைந்து சுற்றில் அங்கே பளபளப்பான ஒரு வளையம் தெரியும், பிறகு கூடு இரண்டாக அறுந்துவிடும். ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி நுனியை மடக்கி உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

போல்ட் ஆக்‌ஷனுக்குத் தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும். இதை அளக்க ஹெட்ஸ்பேஸ் கம்பரேட்டர் வேண்டும். காலிப்பரின் தாடையில் மாட்டும் சிறு துண்டு, கூட்டின் அடியிலிருந்து தோள் வரை உள்ள நீளத்தைக் காட்டும். சுட்ட கூட்டின் பிரைமரை முதலில் எடுத்துவிடுங்கள், துருத்திய பிரைமர் அளவைக் கெடுக்கும். ஐந்து கூடுகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டையை ஷெல் ஹோல்டரிலிருந்து அரைச் சுற்று தள்ளி நிறுத்தி, லூப் தடவிய ஒரு கூட்டைச் சைஸ் செய்து அளங்கள். அளவு குறைவதற்குப் பதில் சற்றுக் கூடியிருக்கும். டை முதலில் உடலை நெருக்குவதால் தோள் முன்னால் தள்ளப்படுகிறது, பயப்பட வேண்டாம். சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே வாருங்கள். மரையின் ஒரு முழுச் சுற்று 1/14 அங்குலம், அதாவது 0.071 அங்குலம், ஆகவே 0.001 அங்குலத்துக்கு வெறும் ஐந்து டிகிரி திருப்பம். டையின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இது கைக்கு வந்துவிடும். சுட்ட அளவைவிட 0.002 குறைந்ததும் லாக் ரிங்கை (டையை அசையாமல் நிறுத்தும் வளையம்) இறுக்கிவிடுங்கள். ஒரே முறை சுட்ட கூடு சேம்பரை முழுதும் நிரப்பியிருக்காது என்பதால் இரண்டு மூன்று முறை சுட்ட பிறகு இதை மீண்டும் அளந்து சரிசெய்வது அவசியம்.

புஷிங் டை அடுத்த கட்டத்துக்கு உரியது. குண்டு ஏற்றிய கழுத்தின் வெளிவிட்டம் 0.336 அங்குலம் என்றால் 0.334 புஷிங் போட்டால் போதிய இறுக்கம் கிடைக்கும். சாதாரண டையில் கழுத்தைத் தேவைக்கு மேல் சுருக்கிவிட்டு, பின் எக்ஸ்பாண்டர் உருண்டையால் இழுத்து விரிப்பார்கள். அந்த இழுப்பில் கழுத்து கோணலாகவும் கூடும். கழுத்தின் உட்புறம் உலர் கிராஃபைட் தொட்ட பிரஷ்ஷை ஒரு முறை விட்டெடுத்தால் அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும். முதல் ஆண்டுக்கு அதுவே போதும். லீ காலட் டை லூப் இல்லாமல் கழுத்தை ஒரு தண்டின் மேல் வைத்து நெருக்கும், கழுத்து நேராக வரும். ஃபுல் லெங்த் டையோடு சேர்த்து வாங்கினால் நல்ல துணை, தனியாக வாங்கினால் நெக் டையின் அதே குறைதான்.

லூப்பைப் பற்றி இரண்டு வரி. தடவாமல் விட்டால் கூடு டைக்குள் சிக்கி, அடியைத் துளையிட்டு மரை போட்டு இழுத்தெடுக்க வேண்டியிருக்கும். அதிகம் தடவினால் தோளில் எண்ணெய் தேங்கிக் குழி விழும். புதியவருக்கு விரல் நுனியில் தொட்டுத் தடவும் மெழுகு வகை எளிது. உடலில் மட்டும் மெல்லப் பூசுங்கள், தோளைத் தொடாதீர்கள். ஸ்ப்ரே வகையில் ஆல்கஹால் ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும், பலர் அவசரப்பட்டுச் சிக்கவைப்பது இங்கேதான்.

தராசு: பீம், மின்னணு, தானியங்கி

பீம் தராசுக்கு மின்சாரம் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் மாறாது. மெதுவானது. பெரிய எடைக்குண்டு ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்தால் பல கிரெய்ன் பிழை, எனவே அமைத்தபின் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். மலிவு மின்னணுத் தராசு வேகமானது, ஆனால் அலையும். மின்விசிறி, ஏசி காற்று, நிலைமின்சாரம், பக்கத்தில் கிடக்கும் கைபேசி எதுவும் அதைக் குழப்பலாம். அரை மணி நேரம் சூடேறவிட்டு, நீங்கள் நிறுக்கப்போகும் எடைக்கு நெருக்கமான சோதனை எடையை வைத்துப் பார்க்கவேண்டும். அத்துடன் வரும் பெரிய எடையில் சரியாகக் காட்டுவதால் 40 கிரெய்னில் சரி என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது அலகு. பட்டன் தவறி அழுந்தி கிரெய்னுக்குப் பதில் கிராமில் நின்றுவிட்டால் ஆபத்து. ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் திரையின் அலகைச் சத்தமாகப் படியுங்கள்.

ஆர்சிபிஎஸ் சார்ஜ்மாஸ்டர் போன்ற தானியங்கிக் கருவி தானே பவுடரைக் கொட்டி 0.1 கிரெய்னில் நிறுத்தும். நீங்கள் ஒரு தோட்டாவுக்குக் குண்டு அமர்த்தும் நேரத்தில் அடுத்த அளவு தயாராகிவிடும். மேலே போட்ட நேரக் கணக்கில் பெரிய மிச்சம் தருவது இதுதான், ப்ரோக்ரெசிவ் பிரஸ் இல்லை. .308-ல் 0.1 கிரெய்ன் மாற்றம் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 5 அடிதான், ஆயிரம் கெஜம் சுடாதவருக்கு அதற்கு மேல் நுணுக்கம் தேவைப்படாது. பணம் இறுக்கமாக இருந்தால் பீம் தராசும் கையால் சுழற்றிச் சிறுகச் சிறுகக் கொட்டும் டிரிக்ளரும் வாங்குங்கள். வசதி இருந்தால் தானியங்கி, அதைச் சரிபார்க்க ஒரு பீம் தராசும். நடுவில் இருக்கும் மலிவு மின்னணுத் தராசைத் தவிர்த்துவிடுவது நல்லது.

பருமனால் அளந்து கொட்டும் மெஷரும் உண்டு. உருண்டை வகைப் பவுடர் அதில் சீராக விழும். வார்கெட், எச்4350 போன்ற குச்சி வகை மெஷரின் விளிம்பில் வெட்டுப்பட்டு நொறுங்கும், அளவும் அலையும். இந்த வகைகளுக்கு மெஷரில் சற்றுக் குறைவாகக் கொட்டி, மீதியை டிரிக்ளரால் தராசில் நிரப்புவதே வழி.

பிரைமர், டிரிம், சுத்தம்

பிரைமரைப் பிரஸ்ஸின் கையிலேயே ஏற்றலாம், உணர்வு குறைவு. கையடக்கக் கருவியில் பிரைமர் அடியைத் தொட்டு நிற்பது உள்ளங்கையில் தெரியும், அதையே பரிந்துரைக்கிறோம். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் கீழே இருக்கவேண்டும். உயர்ந்து நின்றால் ஸ்ட்ரைக்கரின் (பிரைமரை அடிக்கும் ஊசி) முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகி, வெடிக்காமல் போகும். கண்ணாடி அணியாமல் பிரைமரைத் தொடாதீர்கள். ராணுவக் கூட்டில் பிரைமரைச் சுற்றி நசுக்கிய விளிம்பு இருக்கும், அதை ரீமரால் எடுக்காமல் ஏற்றமுயன்றால் பிரைமர் நசுங்கும். உள்ளே இரண்டு சிறு துளை உள்ள பெர்டன் கூட்டை எடுத்துவைத்துவிடுங்கள். பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி உடைந்துவிடும். .308-க்குப் பெரிய ரைபிள் பிரைமர். சில மேட்ச் கூடுகள் சிறிய பிரைமர் வகை, இரண்டையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள்.

.308 கூட்டின் அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டவேண்டிய அளவு 2.005. நீளம் கூடினால் கழுத்தின் வாய் சேம்பர் முனையில் இடித்துக் குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். லீயின் பைலட் கட்டர் மலிவு, ஒரே நீளம்தான் வெட்டும்; ஒரு காலிபர் மட்டும் செய்பவருக்கு அதுவே போதும். ட்ரில்லில் மாட்டிச் சுழற்றினால் வேகமும் கிடைக்கும்.

சுத்தம் செய்ய உலர் அதிர்வுத் தொட்டி எளியது, ஆனால் பிரைமர் எச்சத்தின் ஈயம் தூசியாகப் பறக்கும். வீட்டுக்கு வெளியே வைத்து மூடியோடு ஓட்டுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. தண்ணீரில் சுழலும் வகையில் தூசி இல்லை. காயவைக்கும் வேலை கூடுதல், கூட்டுக்குள் ஈரம் தங்கினால் பவுடர் கெடும். பளபளப்பு துல்லியத்தைக் கூட்டாது. துணியால் துடைத்த கூடும் அதே மாதிரிதான் சுடும்.

பவுடரும் மேனுவலும்

எச்4350, ஐஎம்ஆர் 4350, அக்யுரேட் 4350 மூன்றிலும் ஒரே எண் இருக்கிறது, மூன்றும் வெவ்வேறு பவுடர். ஒன்றுக்கான அட்டவணையை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா. மெஷருக்குள் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் அதைத் தோட்டத்தில் கொட்டிவிடுங்கள், டப்பாவுக்குத் திரும்ப ஊற்றாதீர்கள்.

ஹார்னடி, சியரா, லைமன், நாஸ்லர் என்று மேனுவல்கள் பல. குண்டு நிறுவனத்தின் மேனுவல் அவர்களுடைய குண்டுக்கு ஆழமானது, லைமன் பல நிறுவனக் குண்டுகளைத் தழுவியது. முதலில் நீங்கள் வாங்கப்போகும் குண்டின் நிறுவனத்துடையது ஒன்று, கூடவே பவுடர் நிறுவனத்தின் இலவச அட்டவணை. இரண்டும் முரண்பட்டால் குறைந்ததை எடுங்கள். தொடக்க அளவிலிருந்து தொடங்கி மேலே ஏறவேண்டும். தொடக்க அளவு தராத அட்டவணையில் அதிகபட்சத்திலிருந்து பத்து சதவீதம் குறைப்பது வழக்கம். கூடு, பிரைமர், குண்டு மூன்றில் எதை மாற்றினாலும் மீண்டும் கீழிருந்து. ராணுவ 7.62 நேட்டோ கூடு பெரும்பாலும் தடித்தது, உள்ளே இடம் குறைவு, அதே பவுடருக்கு அழுத்தம் கூடும். .308-ன் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு என்பதை நினைத்தால் இந்தச் சிறு மாற்றங்கள் ஏன் பெரிதாகின்றன என்று புரியும். போல்ட் தூக்கக் கனமாவது, கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பாகம்) வட்டம் பதிவது, பிரைமர் தட்டையாகிப் பரவுவது தெரிந்தால் அன்றைக்கு அந்த வரிசையை நிறுத்திவிட்டு, மீதித் தோட்டாக்களைப் புல்லர் (குண்டை இழுத்தெடுக்கும் கருவி) கொண்டு பிரித்தெடுங்கள்.

மொத்த நீளத்திலும் கவனம் வேண்டும். .308-ன் வரையறுத்த உச்சம் 2.810 அங்குலம், அதற்கு மேல் பெரும்பாலான மேகசினில் உட்காராது. குண்டின் நுனி ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் துல்லியம் தேடுபவர் நுனியை விட்டு, குண்டின் தோள்வளைவிலிருந்து கம்பரேட்டரால் அளப்பார்கள். குண்டு குழலின் ரைஃபிளிங்கை (உட்புறச் சுருள் வரிகள்) தொட்டால் அழுத்தம் சட்டென்று ஏறும்; தொடக்கத்தில் மேனுவல் சொல்லும் நீளத்தைவிட்டு நகராதீர்கள்.

கிட்டா, தனித்தனியா?

ஆர்சிபிஎஸ், ஹார்னடி, லீ மூன்றும் தொடக்கக் கிட் விற்கின்றன. பிரஸ், தராசு, மெஷர், கைப் பிரைமர் கருவி, லூப், பிசிறு எடுக்கும் கருவி ஒன்றாகக் கிடைக்கும், தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறையும். கிட்டில் இல்லாததைப் பார்த்து முடிவெடுங்கள்: டை, காலிப்பர், கம்பரேட்டர், குண்டுப் புல்லர் பெரும்பாலும் இருக்காது, டிரிம்மரும் பலவற்றில் இல்லை. ஷெல் ஹோல்டர் லீ டையோடு வரும், மற்றவர்களிடம் தனியாக வாங்கவேண்டும். ஒரே கூட்டுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு எண் வைத்திருக்கிறது; .308-க்கு ஆர்சிபிஎஸ் எண் 3, லீ எண் 2.

கிட்டில் வரும் தராசு பலவற்றில் மலிவு மின்னணு வகை. அதனால் நாங்கள் சொல்வது: கையில் பணம் அளவாக இருப்பவர் கிட் வாங்கி, சோதனை எடை ஒரு செட்டும் காலிப்பரும் கம்பரேட்டரும் சேர்த்துக்கொள்ளட்டும். சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர் லீ கிளாசிக் காஸ்ட், ரெடிங் அல்லது ஃபார்ஸ்டர் ஃபுல் லெங்த் டை, நல்ல தராசு என்று தனித்தனியாக எடுப்பது மேல். பயன்படுத்திய பிரஸ்ஸை நம்பி வாங்கலாம், வார்ப்பிரும்பு தேய்வது அரிது. பயன்படுத்திய டையைக் கீறல் பார்த்து வாங்குங்கள். யாரோ திறந்து வைத்த பவுடரையும் யாரோ செய்த தோட்டாவையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பவுடர் வீட்டுக்கு வந்ததும் அதன் டப்பாவிலேயே இருக்கட்டும். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு, வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு 20 பவுண்டு வரை அசல் டப்பாவில் வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஒரு அங்குலத் தடிமன் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும். பிரைமருக்கு உச்சம் 10,000. காற்றுப்புகாத இரும்புப் பெட்டியில் பவுடரை அடைக்காதீர்கள். திறந்த இடத்தில் வேகமாக எரிந்து தீரும் பவுடர், இறுக அடைத்த பெட்டியில் அழுத்தம் ஏறி வெடித்துவிடும். டப்பாவைத் திறக்கும்போது வழக்கமான ஈதர் வாசனைக்குப் பதில் கார நெடியும் செம்பழுப்புத் தூசியும் வந்தால் பவுடர் சிதைந்துவிட்டது. அதை அன்றே வெளியே எடுத்துப் போய் அப்புறப்படுத்தி, டப்பா திறந்த தேதியைக் குறிக்கும் பழக்கத்தை அடுத்த டப்பாவிலிருந்து தொடங்குங்கள்.